வாகமண் மலையில் ஒரு நண்பர்

குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிப்பெரியாற்றைக் கடந்து, பீருமேட்டுத் தேயிலைச் சரிவுகளில் ஏறி, குட்டிக்கானத்தில் வலப்புறம் திரும்பி, ஏலப்பாறை வழியே சென்றால் வாகமண் மலை வரும். இன்று அங்கே விடுமுறை நாள்களில் கூட்டம் பெருகி வழிகிறது. புல்மேடுகளையும் பைன் மரக் காட்டையும் கண்டு களித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நம் சங்கத்துக் குடும்பங்களும் பலமுறை சென்று வந்திருக்கின்றன. ஆயினும் 1963ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அம்மலையில் ஓர் ஆங்கிலேயர், மருத்துவரான தம் கேரளத்து மனைவியுடன் குடியிருந்து, மருத்துவமனை ஒன்றை எழுப்பி, மலை மக்களுக்குத் தொண்டு செய்து வந்தார் என்பதை நம்மில் அறிந்தவர் மிகச் சிலரே. அவர் பெயர் லாரி பேக்கர். பின்னாளில் திருவனந்தபுரத்தில் குறைந்த செலவில் வீடு கட்டும் கலைக்காக உலகப் புகழ் பெற்றவர். அவரை வாகமண்ணுக்குக் கொண்டுவந்த வழி கட்டடக்கலை வழியன்று. அது முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு சிறு சமயக் கூட்டத்தின் வழி. குவேக்கர் என்று உலகம் அழைக்கும் அக்கூட்டத்தார் தம்மை நண்பர்கள் என்றே சொல்லிக்கொள்வர்.

எல்லையூரில் வாழும் நமக்கு அவர்கள் வரலாறு ஏன் வேண்டும் என்று வினவுவோர் இருக்கலாம். காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் போக்கில் காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இங்கிலாந்துக்குக் கொந்தளிப்பின் காலம். மன்னர் படையும் பாராளுமன்றப் படையும் மோதின. 1649இல் மன்னரின் தலையே துண்டிக்கப்பட்டது. அந்நாளில் நெசவாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, செருப்புத் தைப்பவரிடம் தொழில் பயின்ற ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) என்னும் இளைஞர், மெய்ப்பொருளைத் தேடி ஊர் ஊராக நடந்தார். பாதிரிமாரைக் கேட்டார், மனம் நிறைவுறவில்லை. முடிவில் அவர் கண்டது ஒன்று: ஒவ்வொரு மனிதரின் உள்ளேயும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதைக் காண இடைத்தரகர் தேவையில்லை. 1650இல் டெர்பி நகர நீதிபதி ஒருவர் முன் அவரை நிறுத்தியபோது, இறைவனின் சொல்லுக்கு நடுங்குங்கள் என்று அந்த நீதிபதிக்கே அறிவுரை கூறினாராம். அப்படியானால் நீங்கள் நடுங்கிகள்தாம் என்று நீதிபதி ஏளனம் செய்தார். ஏளனப் பெயரே நிலைத்தது. குவேக்கர் என்பதன் பொருள் நடுங்குபவர் என்பதே.

உள்ளே ஒளி உண்டு என்று சொல்வது எளிது. நம் சித்தர்களும் சொன்னார்கள், வள்ளலாரும் சொன்னார். குவேக்கரிடம் நாம் வியப்பது, அந்த ஒரு கருத்திலிருந்து அன்றாட வாழ்வின் சிறு சிறு செயல்களை அவர்கள் வடித்தெடுத்த பிடிவாதத்தையே. எல்லாரிடமும் ஒளி இருக்குமாயின், ஒருவன் முன் மற்றொருவன் தொப்பியைக் கழற்றி வணங்குவது எப்படி? எனவே பிரபுக்கள் முன்னும் நீதிமன்றத்திலும் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். அக்கால ஆங்கிலத்தில் பெரியோரைப் பன்மையிலும் எளியோரை ஒருமையிலும் அழைப்பது வழக்கம். இவர்கள் அரசனையும் ஆட்டிடையனையும் ஒரே ஒருமையில் அழைத்தார்கள். இதற்காக அடி வாங்கினார்கள், சிறை சென்றார்கள்.

இதனை வெறும் முரட்டுத்தனம் என்று மற்ற ஊரார் நினைக்கலாம். நம்மால் அப்படி நினைக்க முடியுமா? தோட்டத்துத் துரையின் குதிரை வரும் ஓசை கேட்டவுடன் தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கிய பாட்டன்மாரின் பேரர்கள் நாம். கொட்டும் மழையில் கணக்கப்பிள்ளை முன் தலைமுண்டைக் கழற்றி நின்ற கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இன்றும்கூட நரைத்த தலையுடன் ஏலக்காய் பறிக்க வரும் மூதாட்டியை மீசை அரும்பாத மேற்பார்வையாளன் ஒருமையில் கூவி அழைக்கக் கேட்கிறோம். குவேக்கர் எல்லாரையும் 'நீ' என்றார்கள். தமிழில் நாம் எல்லாரையும் 'நீங்கள்' என்று சொல்லியும் அந்த இடத்தை அடையலாம். வழி எதுவாயினும் அடைய வேண்டிய இடம் ஒன்றுதான்.

அவர்கள் ஆணையிட்டுச் சத்தியம் செய்யவும் மறுத்தார்கள். நீதிமன்றத்தில் மட்டும் சத்தியம் செய்தால், மற்ற வேளைகளில் பொய் சொல்லலாம் என்றாகிவிடாதா என்பது அவர்கள் வாதம். வள்ளுவர் வாய்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த நாட்டார் நாம். இவ்வாதத்தின் கூர்மை நமக்குப் புரியும். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1696இல் இங்கிலாந்துச் சட்டம் அவர்களுக்கு இடம் தந்தது. சத்தியத்திற்குப் பதிலாக உறுதிமொழி கூறினால் போதும் என்றாயிற்று. இந்திய நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் இன்று கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாவிடில் உறுதிமொழி கூறலாம். தமிழக அமைச்சர்கள் பலர் 'உளமார' என்று உறுதி கூறிப் பதவி ஏற்பதை நாம் அறிவோம். தொப்பியைக் கழற்ற மறுத்த அந்த எளிய மனிதர்கள் சிறையில் கிடந்து திறந்த கதவு அது.

போரைப் பற்றியும் இவ்வாறே. 1661ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மீண்டும் அரியணை ஏறிய இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு ஃபாக்சும் அவர் தோழர்களும் ஓர் அறிக்கை அளித்தார்கள். எக்காரணம் பற்றியும், எந்த அரசுக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். அன்று முதல் இன்று வரை அவ்வறிக்கையே நண்பர்களின் அமைதிச் சான்றாக விளங்குகிறது.

அவர்களது வழிபாடும் விந்தையானது. பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை, பூசகர் இல்லை. ஓர் எளிய அறையில் அனைவரும் கூடி மௌனமாய் அமர்ந்திருப்பர். யாருக்கேனும் உள்ளத்தில் சொல் எழுந்தால் எழுந்து சொல்வர். அது ஆணாயினும் பெண்ணாயினும் ஒன்றே. கூட்ட நடவடிக்கைகளிலும் வாக்கெடுப்பு கிடையாது. எழுத்தர் ஒருவர் கூட்டத்தின் கருத்து இன்னது என எழுதி வாசிப்பார்; சிலருக்கு மனம் ஒப்பவில்லையாயின் மௌனம் காப்பர், அல்லது அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைப்பர். பெரும்பான்மையின் கையால் சிறுபான்மையை அடக்குவதில்லை. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

இனி அவர்கள் செய்த தொண்டுகளில் சிலவற்றைச் சுருங்கக் காண்போம். வில்லியம் பென் 1681இல் அமெரிக்காவில் மன்னரிடம் நிலம் பெற்று, அங்கு வாழ்ந்த செவ்விந்தியரோடு உடன்படிக்கை செய்து பென்சில்வேனியாவை நிறுவினார். 1813இல் எலிசபெத் ஃபிரை அம்மையார் லண்டன் நியூகேட் சிறையினுள் நுழைந்து, அங்கே வைக்கோலில் கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் கண்டு, சிறைச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். மனநோயாளரைச் சங்கிலியில் கட்டி வைத்த காலத்தில், யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796இல் அவர்களை மனிதராய் நடத்தும் இல்லம் ஒன்றைத் திறந்தார். தம் முன்னோர் சிறைக்குள் கிடந்தவர்கள் ஆகையால் சிறையின் நாற்றம் குவேக்கருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அவர்கள் குறையற்றவர் அல்லர். அமைதி நாடு கண்ட பென்னே அடிமைகளை வைத்திருந்தார். 1688இல் ஜெர்மன்டவுன் என்னும் ஊரைச் சேர்ந்த சில நண்பர்கள், மனிதரை விற்பதும் வாங்குவதும் தகாது என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை மேல் கூட்டங்கள் முடிவெடுக்காமல் ஒதுக்கி வைத்தன. சொந்தச் சபையின் மனச்சான்றை அசைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதனை அசைத்தவருள் தலையாயவர் ஜான் ஊல்மன் (1720-1772) என்னும் தையற்காரர். அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்கு அவரே நடந்து சென்றார். அவர்களைத் திட்டவில்லை, உடன் அமர்ந்து பேசினார். விருந்தோம்பலை இலவசமாய் ஏற்காது, பணி செய்த அடிமைகளுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார். சாயமேற்றாத ஆடை அணிந்தார். இங்கிலாந்து சென்றபோது, குதிரைகளும் வண்டிச் சிறுவர்களும் படும் துன்பம் கண்டு, தபால் வண்டியில் ஏறாமல் கால்நடையாகவே சென்று, யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். அவர் இறந்த நான்காம் ஆண்டில், 1776இல், பிலடெல்பியா நண்பர் சபை அடிமை வைத்திருப்போருக்கு இடமில்லை என்று தீர்மானித்தது. லண்டனில் 1787இல் அடிமை வாணிக ஒழிப்புக் குழு அமைந்தபோது அதன் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர். 1807இல் அடிமை வாணிகமும் 1833இல் அடிமை முறையும் பிரிட்டிஷ் சட்டத்தால் ஒழிந்தன.

இவ்விடத்தில்தான் இவ்வரலாறு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. அடிமைகள் விடுதலை பெற்றதும் கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் இந்தியாவிலிருந்து போயின. ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் மொரீஷியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறியவர்களில் தமிழர் எண்ணற்றோர். சங்கிலி போய்க் கைநாட்டு வந்தது. இதனை உடனே கண்டுகொண்டவருள் ஒருவர் ஜோசப் ஸ்டர்ஜ் (1793-1859). பர்மிங்காம் நகரத் தானிய வணிகர், குவேக்கர். விடுதலை என்ற பெயரில் அடிமைகளை மேலும் சில ஆண்டுகள் பயிற்சியாளராய்க் கட்டிப்போட்ட ஏற்பாட்டை, 1837இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கே நேரில் சென்று ஆராய்ந்து அம்பலப்படுத்தினார். 1839இல் அவர் முயற்சியால் எழுந்த அடிமை ஒழிப்புச் சங்கம், கூலிகளை ஏற்றுமதி செய்வது அடிமை முறையின் மறுபிறப்பே என்று குரல் கொடுத்தது. அவ்வாண்டு இந்திய அரசு கடல் கடந்த கூலி ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை நீடிக்கவில்லை, 1842இல் மொரீஷியசுக்கும் 1844இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் வழி மீண்டும் திறக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளின் கை வலிமையானது என்பதை மலைத் தோட்டங்களில் தலைமுறை கண்ட நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான கல் தொலைவில், முகம் அறியாத நம் முன்னோர்க்காக ஒரு தானிய வணிகர் குரல் எழுப்பினார் என்பதை நாம் பதிந்து வைக்க வேண்டும்.

வணிகம் என்றவுடன் இன்னொரு செய்தி. பொய்ச் சத்தியமும் பேரம் பேசுதலும் இல்லாத இவர்கள் கடையில் ஒரே விலை. குழந்தையை அனுப்பினாலும் அதே விலை. அதனால் நம்பிக்கை பெருகியது, செல்வமும் பெருகியது. காட்பரி, ரவுன்ட்ரீ, ஃபிரை ஆகிய சாக்கலேட் நிறுவனங்கள் மூன்றும் குவேக்கர் குடும்பங்களால் உருவானவை. தம் கொக்கோவில் ஒரு பகுதி, போர்ச்சுக்கல் ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவில் அடிமை நிலையில் உழைத்தவர்களால் விளைந்தது என்ற செய்தி 1901இல் காட்பரி குடும்பத்திற்கு எட்டியது. விசாரித்தார்கள், தூதர்களை அனுப்பினார்கள், அரசோடு பேசினார்கள். அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது 1909இல். எட்டு ஆண்டுகள்! ஊல்மன் இருந்திருந்தால் எட்டு நாள் பொறுத்திருப்பாரா என்பது ஐயமே. ஏலக்காய் விற்கும் நம் வணிக அன்பர்களும் காய் பறித்த கைக்கு என்ன கிடைத்தது என்று எப்போதேனும் எண்ணிப் பார்க்கலாம். இது குறை கூறல் அன்று, நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி வாகமண்ணுக்குத் திரும்புவோம். லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், ஸ்டர்ஜ் வாழ்ந்த அதே பர்மிங்காமில் பிறந்தார். குடும்பம் மெதடிஸ்ட் கிறித்தவம் சார்ந்தது. இளமையில் தாமே தேடிக் குவேக்கர் ஆனார். கட்டடக்கலை பயின்று முடித்த சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போரில் துப்பாக்கி ஏந்த மறுப்போர் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அவ்வாறு செய்தனர். பேக்கர், நண்பர்களின் மருத்துவ ஊர்திப் படையில் சேர்ந்தார். படை என்பது பெயரில்தான். அது கொல்லச் செல்லும் படையன்று. அறுவை மருத்துவக் குழுவில் மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டு சீனம் சென்றார். அங்கே தொழுநோயாளரிடையேயும் பணி செய்தார்.

நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு அவருக்கு வாய்த்தது. காந்தியடிகளுக்கும் நண்பர்களுக்கும் உறவு பழையது. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர், பர்மிங்காம் உட்புரூக் குவேக்கர் கல்லூரிக்கும் சென்றார். அகதா ஹாரிசன், ஹொரேஸ் அலெக்சாண்டர் என்னும் குவேக்கர் இருவரும் லண்டனில் இந்தியாவுக்காக ஓயாமல் உழைத்தவர்கள். பம்பாயில் பேக்கரின் கால்களில் இருந்த செருப்பு அடிகளின் கண்ணில் பட்டது. சீனத்தில் கந்தல் துணிகளைச் சேர்த்துத் தைத்த செருப்பு அது. அதிலிருந்தே பேச்சு வளர்ந்தது. நல்ல கிராமத்து வீடு ஐந்து மைல் வட்டத்திற்குள் கிடைக்கும் பொருள்களாலேயே எழ வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைப் பேக்கர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். இந்தியாவுக்குத் திரும்பி வருமாறும் அவர் அழைத்தார்.

1945இல் தொழுநோய்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் கட்டடக் கலைஞராகப் பேக்கர் மீண்டும் வந்தார். அதே தொண்டில் இருந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை 1948இல் மணந்தார். இமயமலையடியில் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள். மனைவி மருத்துவர், கணவர் கட்டுநர், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பவர், பணியாளர், எல்லாம். 1963இல் இருவரும் வாகமண் வந்தனர். தேயிலைத் தோட்டங்களும் பழங்குடி ஊர்களும் சிதறிக் கிடந்த மலை அது. மருத்துவமனைக்குக் கோட்டயம் வரை இறங்க வேண்டிய காலம். அங்கேயும் தம் கையால் வீடும் மருத்துவமனையும் எழுப்பினார்கள். 1970 அளவில் திருவனந்தபுரம் சென்ற பிறகே பேக்கரின் பெயர் நாடெங்கும் பரவியது. 1971 முதல் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையம், பூந்துறை மீனவர் வீடுகள், செங்கல்சூளைக் குடிசைப் பகுதி வீடுகள், தம்பானூரில் சுருள் வடிவில் நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸ் ஆகியவை அவர் கைவண்ணம். திருவனந்தபுரம் செல்லும் நம்மவர் இந்தக் காப்பி ஹவுசில் காப்பி அருந்தியிருப்பர். கட்டியவர் ஒரு காலத்தில் நம் மாவட்டத்து மலைவாசி என்று தெரிந்திராது.

அவர் கட்டிய முறையை ஊன்றிப் பார்த்தால் குவேக்கர் சுவடு தெரியும். செங்கற்களை நெட்டுக்குத்தாய் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் இரும்பையும் குறைத்தார். சன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லிலேயே துளைச் சுவர். வெளிப்பூச்சு வேண்டாம் என்பார். செங்கல் செங்கல்லாகவே தெரியட்டும். மற்றொன்று போல நடிக்கும் கட்டடம் அவருக்குப் பொய் சொல்வது போன்றது. வரைபடத்தைக் கிழிந்த உறைகளின் பின்புறத்தில் வரைவார். கொத்தனாரோடு நின்று கல் எடுத்து வைப்பார். தொப்பி கழற்றாமையும் பூச்சுப் பூசாமையும் ஒரே வேரில் முளைத்தவை என்றே நமக்குத் தோன்றுகிறது. இந்தியக் குடியுரிமை பெற்று, 1990இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2007 ஏப்ரல் 1ஆம் நாள் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார்.

பேக்கருக்கு முன்னரே தமிழ்நாட்டுக்கு வந்த குவேக்கர் அம்மையார் ஒருவரையும் நாம் மறத்தல் ஆகாது. யார்க்ஷயரில் பிறந்த மார்ஜரி சைக்ஸ் (1905-1995) 1928இல் சென்னை வேப்பேரி பெண்டிங் பெண்கள் உயர்நிலைப்பள்ளிக்கு ஆசிரியையாய் வந்தார். பின்னர் தலைமை ஆசிரியையும் ஆனார். தமிழ் கற்றார், கதர் உடுத்தினார். சென்னையில் இருந்தபோதே நண்பர் சபையில் சேர்ந்தார். சாந்திநிகேதனில் தாகூரிடம் பணியாற்றினார். சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி ஆசிரியர் பயிற்சியை நடத்தினார். அக்கல்வி முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. பிறகு நீலகிரியின் கோத்தகிரியில் தங்கி, அகிம்சை வழியில் தொண்டாற்ற இளைஞர்களைப் பயிற்றுவித்தார். 1964 செப்டம்பரில் நாகாலாந்தில் அரசுக்கும் நாகர் போராளிகளுக்கும் போர் நிறுத்தம் ஏற்பட்டபின், அதனைக் கண்காணிக்கும் குழுவில் அமர்ந்து மலை ஊர்களில் நடந்தார். அறுபதை நெருங்கிய பெண்மணி! எங்கே சுட்டார்கள், யார் முதலில் சுட்டார்கள் என்று இரு தரப்பாரிடமும் கேட்டு, இரு தரப்பாரும் நம்பும்படி எழுத வேண்டிய வேலை அது.

இரு தரப்பாரிடமும் கேட்டல் என்பது குவேக்கர் தமக்கென வளர்த்துக்கொண்ட தொழில் என்றே சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த இளைஞர் ஜோசப் எல்டர், பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டபின் இரு நாட்டுக்கும் சென்ற குவேக்கர் குழுவில் அவரும் ஒருவர். இலங்கைப் போரின்போதும் இத்தகைய தூதில் ஈடுபட்டார். ஒரு பக்கத்தார் சொன்னதை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் மறுபக்கத்தாரிடம் சேர்ப்பது, செய்தித்தாளுக்குச் சொல்லாதிருப்பது, பெயர் தேடாதிருப்பது: இவையே அவர்தம் முறை. இம்முயற்சி எங்கும் வென்றது என்று சொல்ல மாட்டோம். இலங்கையில் 2009இல் என்ன நடந்தது என்பதை உலகமே அறியும். 1947ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு பிரிட்டிஷ், அமெரிக்கக் குவேக்கர் தொண்டு அமைப்புகள் இரண்டுக்கும் கிடைத்தது. ஆனால் அவ்வாண்டிலேயே பஞ்சாபும் வங்காளமும் குருதியில் நனைந்தன. பரிசுக்கும் பலனுக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை.

தொடக்கத்தில் சொன்ன காரணத்தை இனிச் சொல்கிறோம். பீருமேடும் தேவிகுளமும் யாருக்கு என்ற வழக்கு 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலப் பிரிவினையோடு தீர்ந்தது. எல்லைக்கோடு நம் கடைத்தெருவை ஒட்டியே விழுந்தது. ஆயினும் வாழ்க்கை கோட்டை மதிக்கவில்லை. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியலில் ஜீப்புகள் ஏலத்தோட்டக் கூலிப் பெண்களை ஏற்றிவரும், மாலையில் இறக்கிச் செல்லும். சித்திரை முழுநிலா நாளில் மங்கலதேவி கண்ணகி கோட்டத்திற்கு இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்தே ஏற்பாடு செய்வர். 1895இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் நீர் மறுபுறம் இறங்கி மதுரைச் சீமையை நனைக்கும்.

2011ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அந்த அணையே பகைக்குக் காரணம் ஆயிற்று. அணை உடையும் என்ற அச்சம் இங்கே. நீர் போய்விடும் என்ற அச்சம் அங்கே. இரு அச்சமும் உண்மையானவை. இரண்டையும் ஊதி வளர்த்தவர்களோ வேறு. டிசம்பரில் எல்லைச் சாலை அடைபட்டது, தடை உத்தரவு பிறந்தது, கடைகள் தாக்கப்பட்டன. தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல மூட்டை கட்டிக்கொண்டு மலைப்பாதை வழியே தேனிப் பக்கம் இறங்கின. அதே நாள்களில் கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளிகள் கடையும் நிலமும் தாக்குதலுக்கு உள்ளாயின. இரண்டையும் ஒன்றாய்ச் சொன்னால்தான் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

அந்நாள்களில் நம் தெருவில் நாம் கண்டது ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்று இரவோடு இரவாக இறங்கிச் சென்றபோது, வீட்டுச் சாவியை எதிர்வீட்டு மலையாள ஆசிரியரிடம் கொடுத்துச் சென்றது. அவர் மூன்று வாரம் அவ்வீட்டுத் திண்ணையில் விளக்கேற்றி வைத்தார். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எவரும் கருதக் கூடாதாம். அவர் குவேக்கர் அல்லர். அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதும் ஐயம்.

ஜனவரி பிறந்ததும் நம் சங்கம் கூடியது. பொங்கல் விழாவுக்கு வழக்கம்போல் மலையாள அன்பர்களை அழைப்பதா, இல்லையா என்பது கேள்வி. பலர் வேண்டாம் என்றனர். அடி வாங்கியவர்கள் அவர்கள். அவர்கள் கோபத்தைக் குறை கூற நமக்கு வாயில்லை. அழைத்தே ஆகவேண்டும் என்றனர் சிலர். கையைத் தூக்கி எண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எண்ணியிருந்தால் வேண்டாம் என்றே முடிந்திருக்கும். முதியவர் ஒருவர், எண்ண வேண்டாம், நாளை மறுநாள் மறுபடி உட்காருவோம் என்றார். மறுபடி உட்கார்ந்தோம், அன்றும் முடியவில்லை, நெடுநேரம் எவரும் பேசவும் இல்லை. மூன்றாம் முறை கூடியபோது, கடை உடைபட்ட அன்பரே எழுந்து, ஆசிரியரை மட்டுமாவது கூப்பிடுங்கள், அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள், என்னால் நின்று உபசரிக்க முடியாது, ஆனால் நான் தடுக்கவும் மாட்டேன் என்றார்.

அவ்வாறே செய்தோம். அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஆசிரியர் வந்தார். அவருடன் நான்கு குடும்பங்கள் வந்தன. கடை உடைபட்ட அன்பர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். பொங்கல் இறக்கியபின் ஆசிரியர் இலையுடன் அவரிடம் சென்று நின்றார். இருவரும் நின்றபடியே உண்டனர்.